1967ல் தொடங்கிய சிக்லிட் சங்கம் எப்படி இவ்வளவு நாள் ஓடுகிறது? (ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பவர்கள் உள்ளே வரவும்)

கல்லிடுக்கு:

ஃபில்டர் பற்றிய விவாத இழையில் பேச்சு எங்கெங்கோ போய், "அமெரிக்காவில் சிக்லிட் சங்கம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நடக்கிறது, நம்மால் ஒரு வாட்ஸ்அப் குரூப்பைக்கூடச் சண்டையில்லாமல் நடத்த முடியவில்லை" என்று ஒருவர் அலுத்துக்கொண்டிருந்தார். அதைத் தனி இழையாகவே பேசலாம் என்று இங்கே வந்தேன். நான் ஒஹையோவில் இருக்கிறேன், உள்ளூர் சிக்லிட் சங்கத்தில் சந்தா கட்டும் சாதாரண உறுப்பினன், எந்தப் பொறுப்பிலும் இல்லை.

அமெரிக்கன் சிக்லிட் அசோசியேஷன் தொடங்கியது 1967ல். சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம், அதனால் இது ஆப்பிரிக்க மீன்களுக்கு மட்டுமான சங்கம் இல்லை. ஆஸ்கர், ஏஞ்சல், டிஸ்கஸ், மத்திய அமெரிக்க முரடர்கள் எல்லாரும் அதில் அடக்கம். ஆனால் அதற்கு ஆள் சேர்ந்ததில் ஆப்பிரிக்க ஏரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. சிக்லிட் என்றாலே செடியைப் பிடுங்கிப் போடும், சரளையைத் தோண்டும், கூட இருக்கிற மீனை அடித்துக் கொல்லும் என்ற பேர்தான் முன்பெல்லாம். 1960களில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து ம்புனா என்கிற பாறையோர மீன்கள் விமானத்தில் வர ஆரம்பித்தன. பவளப்பாறை மீன் மாதிரி நீலமும் மஞ்சளும் ஆரஞ்சும், அதுவும் நன்னீர்த் தொட்டியில், கடல் உப்புத் தலைவலி எதுவும் இல்லாமல்! 1970களில் பியர் பிரிஷார் புருண்டியில் உட்கார்ந்துகொண்டு தாங்கனீகா ஏரி மீன்களை அனுப்பத் தொடங்கினார். மலாவியில் ஸ்டூவர்ட் கிராண்ட் பெரிய ஏற்றுமதியாளராக வளர்ந்தார். பெட்டி பெட்டியாக மீன் வந்தது, ஆனால் அதில் பலவற்றுக்கு அறிவியல் பெயரே கிடையாது. கடைக்காரர் வாய்க்கு வந்ததுதான் பெயர்.

இப்படி ஒரு மீனை வாங்கி வந்தவர் யாரிடம் போய்க் கேட்பார்? மற்ற வெப்பமண்டல மீன்களுக்கு நல்லது என்று புத்தகத்தில் போட்டிருந்த மென்மையான, லேசாகப் புளித்த தண்ணீர் இதற்கு ஆகாது. மலாவி ஏரியில் பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு, 7க்கு மேல் காரம்) 7.8லிருந்து 8.6 வரை போகும், தாங்கனீகாவில் 9ஐத் தொடும். சாப்பாடும் வேறு. ம்புனாக்கள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறவை, கொழுப்பான தீனி போட்டால் வயிறு வீங்கிச் சாகும். ஒரு பெட்டை மூன்று வாரம் போல வாயை மூடிக்கொண்டு இரை எடுக்காமல் நின்றால் அதற்கு நோயில்லை, வாய்க்குள் முட்டை இருக்கிறது என்பதையும் யாராவது சொல்லித்தானே தெரிய வேண்டும்? பண்ட்பார்ஷ புல்லட்டின் என்று சங்கம் ஒரு இதழ் போட்டது. வளர்த்துப் பார்த்தவர்களே எழுதினார்கள், மீனியல் ஆய்வாளர்களும் எழுதினார்கள். பால் லுவசெல் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவர்கள் அந்த வட்டத்தில் இருந்தது பெரிய அதிர்ஷ்டம்.

ஆனால் இதழைப் பார்த்து உள்ளே வந்த ஆளைத் தங்க வைத்தது வேறொன்று. டிரேடிங் போஸ்ட் என்று உறுப்பினர்களுக்கான விற்பனைப் பட்டியல் ஒன்று வரும். யாரிடம் எந்த மீனின் குஞ்சு இருக்கிறது, யாருக்கு எது வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். இணையம் இல்லாத காலத்தில் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பைத்தியக்காரர்களை அந்தத் தாள்தான் ஒருவரோடு ஒருவர் கோர்த்தது. சங்கம் வளர்ந்த கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மறுப்பவர்கள் வரலாம்.

கொளத்தூர் வாசி:

மறுக்கத்தான் வந்தேன் அண்ணா :)

சிதறிக் கிடந்தவர்களைக் கோர்த்தது என்கிறீர்கள், சரி. எங்கள் ஏரியாவில் யாரும் சிதறியே கிடக்கவில்லையே? மாடியில் சிமெண்ட் தொட்டி, கீழே கண்ணாடித் தொட்டி, எதிர் வீட்டில் ஆக்சிஜன் பேக்கிங். தண்ணீரை மலாவி ஏரி மாதிரி ஆக்க நாங்கள் மெனக்கெட்டு சோடா உப்பு, எப்சம் உப்பு எல்லாம் கலப்பதில்லை. எங்கள் போர் தண்ணீரே பாதி மலாவி. அதனால்தான் இங்கே ஆப்பிரிக்கன் நன்றாக வருகிறது, வெளியூருக்கும் போகிறது. விற்கிறவன், வாங்குகிறவன், ஃபில்டர் ரிப்பேர் செய்கிறவன் எல்லாரும் நாலு தெருவுக்குள். இதில் சங்கம் வந்து என்ன செய்யும்? தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேர் ஃபோட்டோவுக்கு நிற்பார்கள், அவ்வளவுதான்.

புதுத்தொட்டி:

நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். கடையில் "அசார்ட்டட் ஆப்பிரிக்கன்" என்று ஒரே தொட்டியில் கலர் கலராக இருந்ததில் பத்து எடுத்து வந்தேன். இங்கே எல்லாரும் மீன் பெயருக்குப் பின்னால் ஊர்ப் பெயர், எஃப்1 என்றெல்லாம் எழுதுகிறீர்கள். அது என்ன? என் மீனுக்கும் அப்படி ஒன்று இருக்குமா?

கல்லிடுக்கு:

@புதுத்தொட்டி, தப்பே இல்லை. கொளத்தூர்க்காரர் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாவி ஏரி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கரையோரம் முழுக்கப் பாறைத் திட்டு, நடுவில் மணல், மறுபடி பாறை. ம்புனா தன் பாறையை விட்டு மணலைத் தாண்டிப் போகவே போகாது. அதனால் ஒரே இனம் ஒவ்வொரு பாறையிலும் ஒவ்வொரு நிறம். நம் எல்லார் தொட்டியிலும் இருக்கிற எலெக்ட்ரிக் எல்லோ, அதாவது லேபிடோக்ரோமிஸ் செருலியஸ், ஏரியின் பல இடங்களில் மஞ்சளே கிடையாது. இன்கட்டா பே பக்கம் அது வெள்ளை. மஞ்சள் லயன்ஸ் கோவ் பக்கத்துச் சரக்கு. அதனால் இனத்தின் பெயரோடு பிடித்த இடத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் அது எந்த மீன் என்று அர்த்தம் வரும். ஏரியில் பிடித்தது என்றால் ஒயில்ட், அதன் குஞ்சு எஃப்1, அதற்கடுத்த தலைமுறை எஃப்2.

இது மீனைப் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை. பீகாக் என்கிற இன்னொரு மலாவி சிக்லிட்டின் பெட்டைகள் நாலு வகையைக் கலந்து விட்டால் ஆயுசுக்கும் பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே சாம்பல். ஆக அந்த ஊர்ப் பெயர் மீன் உடம்பில் இல்லை, கைமாறுகிறபோது கூட வருகிற சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. சீட்டு தொலைந்தால் மீனும் தொலைந்த மாதிரி. உன் பத்து மீனும் அழகாகவே இருக்கும், வளர்த்து சந்தோஷப்படு. ஆனால் அதன் குஞ்சை இன்ன இனம் என்று பெயர் சொல்லி யாருக்கும் கொடுக்காதே.

சங்கம் செய்த வேலை அந்தச் சீட்டைக் காப்பாற்றியதுதான். எங்கள் ஊர்ச் சங்க ஏலத்துக்கு வந்து பாருங்கள். ஒவ்வொரு பையிலும் இனம், இடம், எத்தனை மீன், விற்பவர் யார் என்று எழுதியிருக்கும். ஏலம் விடுபவர் அதைச் சத்தமாகப் படிப்பார். யாராவது ஏடாகூடமாக எழுதியிருந்தால் மூன்றாவது வரிசையில் இருக்கிற பெரியவர் எழுந்து, "அந்த இடத்திலிருந்து அந்த மீன் வந்ததே இல்லையே, இது எங்கே கிடைத்தது?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக எழுதுகிறார்கள். விற்ற பணத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு, மீதி கொண்டு வந்தவருக்கு. பேச்சாளரை அழைப்பது, அரங்க வாடகை எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது, சந்தாவை மட்டும் நம்பினால் எந்தச் சங்கமும் நிற்காது.

இனப்பெருக்க விருதுத் திட்டம் என்று இன்னொன்று பல சங்கங்களில் உண்டு. ஒரு இனத்தைக் குஞ்சு பொரிக்க வைத்து, சொன்ன வயது வரை வளர்த்து, அதில் கொஞ்சத்தைச் சங்கத்திடம் கொண்டு வந்து காட்டினால் புள்ளி. கஷ்டமான மீனுக்குக் கூடுதல் புள்ளி. கேட்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் புள்ளிக்காகவே ஆட்கள் யாரும் சீண்டாத சாம்பல் நிற மீனையெல்லாம் குஞ்சு எடுத்துக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் அந்த மீன் ஒரு நாளும் விற்காது.

கொளத்தூர் வாசி, உங்கள் நாலு தெருவில் கிடைக்காதது இந்த ஒன்றுதான். மீன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது, சீட்டு இல்லை.

கொளத்தூர் வாசி:

கொஞ்சம் சுள்ளென்று இருக்கிறது, ஆனால் உண்மைதான். மொத்த வியாபாரி ஒருவரிடம் "இது எந்த லொக்கேஷன்?" என்று கேட்டேன், "கோடவுன் லொக்கேஷன்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஒன்று மட்டும் விட மாட்டேன். இங்கே பிழைப்பு, அங்கே பொழுதுபோக்கு. பையில் "கலப்பு" என்று உண்மையை எழுதினால் விலை பாதியாகும், என் மகன் ஃபீஸை யார் கட்டுவது? மூன்றாவது வரிசைப் பெரியவரா?

சோடா உப்பு:

ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் ஜெர்மனியில் இருக்கிறேன், தாங்கனீகா ஆள், தொட்டி முழுக்க சங்குக் கூட்டில் குடியிருக்கும் குட்டி மீன்கள். பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

இங்கே இருக்கிற சங்கம் டாய்ச்ச சிக்லிடன் கெசெல்ஷாஃப்ட், 1970ல் தொடங்கியது. டிசிஜி என்பார்கள். மாதா மாதம் இதழ். அமெரிக்க சங்கத்தைவிட மூன்று வருஷம் இளையது. நெதர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன் என்று சுற்றிலும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. இவை எல்லாம் யாரோ ஒருவர் மேலிருந்து கிளை திறந்து வந்தவை இல்லை. ஆங்காங்கே மீன் வந்து இறங்கிய வேகத்தில் ஆங்காங்கே முளைத்தவை.

வளர்ச்சி என்று சொல்கிறபோது எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம் எழுத்து. 1972ல் ஃப்ரையரும் ஐல்ஸும் ஆப்பிரிக்கப் பேரேரிகளின் சிக்லிட்கள் பற்றி ஒரு கனமான புத்தகம் போட்டார்கள். ஆய்வாளர்களுக்கு எழுதியது, ஆனால் வளர்ப்பவர்களும் அதைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். லண்டன் அருங்காட்சியகத்தில் மீனியல் ஆய்வாளராக இருந்த எத்தல்வின் டிரெவாவஸ் அம்மா, 1900ல் பிறந்தவர், 1989ல் வந்த மலாவி மீன் வகைப்பாட்டு நூலில் எக்கிள்ஸோடு அவர் பெயரும் இருக்கிறது. வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஆய்வாளர்கள் பெயர் வைக்க, வளர்ப்பவர்கள் அந்தப் பெயரைத் தொட்டியில் ஒட்ட, நடுவில் சங்க இதழ் பாலம். அப்புறம் ஆட் கோனிங்ஸ். நெதர்லாந்துக்காரர், டெக்சஸில் இருந்துகொண்டு சிக்லிட் பிரஸ் நடத்துகிறார், ஏரிக்குள் இறங்கித் தானே படம் எடுத்து, இனங்களுக்குப் பெயரும் வைத்தவர். டெமசோனி என்று நாம் உயிரை விடுகிற நீலக் கோடு மீனுக்கு 1994ல் பெயர் வைத்தது அவர்தான்.

கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இன்னொன்றும் தெரியும், மாநாட்டின் ருசியே ஹோட்டல் அறைகளில்தான். அமெரிக்காக்காரர் அதைச் சொல்லட்டும்.

கல்லிடுக்கு:

ஆமாம், அதை எப்படி விட்டேன்! அமெரிக்கன் சிக்லிட் அசோசியேஷனின் ஆண்டு மாநாடு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ஊர்ச் சங்கம் ஏற்று நடத்துவது. சிகாகோ, டெக்சஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் பக்கம் என்று சுற்றும். பகலில் பேச்சு, மீன் போட்டி, கடைசியில் ஏலம். ராத்திரியானால் ஹோட்டல் தாழ்வாரத்தில் அறைக் கதவுகள் திறந்து கிடக்கும். உள்ளே கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வரிசையாகத் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர் கொட கொடவென்று ஓடும். ஆட்கள் பையும் பீருமாக அறை அறையாக ஏறி இறங்குவார்கள். எங்கள் ஒஹையோ சங்கத்தின் நவம்பர் கூட்டத்திலும் இதே கதைதான். துண்டெல்லாம் ஈரமாகிற அந்த ஹோட்டல் எப்படிச் சம்மதிக்கிறது என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை.

அந்த அறைகளில்தான் ஆட்கள் சங்கத்தில் சேர்கிறார்கள். புதிதாக வந்த பையன் ஒரு ஜோடி மீன் வாங்க நுழைவான், வெளியே வரும்போது மீனோடு ஒரு வழிகாட்டியும் சேர்ந்திருப்பார். குளிர்காலத்தில் மீனைப் பெட்டியில் எப்படி அடைப்பது, அனுப்புவதற்கு முந்தின நாள் ஏன் இரை போடக்கூடாது என்பதெல்லாம் அங்கே நின்றுகொண்டே கற்கிற பாடம்.

ஏரிக்கரை:

எல்லாரும் ஆளாளுக்குப் பாராட்டிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

சவுலோசி என்கிற ம்புனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலாவி ஏரியில் சிசுமுலு தீவுக்குப் பக்கத்தில் தைவான் ரீஃப் என்ற ஒரே ஒரு பாறைத் திட்டு, உலகத்திலேயே அங்கே மட்டும்தான் அந்த மீன். ஆண் நீலத்தில் கருப்புக் கோடு, பெட்டை மஞ்சள், குட்டி மீன், ஆகவே எல்லாருக்கும் வேண்டும். 1990ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். வைத்ததும் கேட்டவர்கள் எத்தனை பேர், பிடித்தவர்கள் எத்தனை பேர்? இன்று ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலில் மிக ஆபத்தான நிலை. இது அணை கட்டியதாலோ சாக்கடை கலந்ததாலோ வந்ததில்லை, அலங்கார மீனுக்காகப் பிடித்ததுதான் முக்கியக் காரணம். நீங்கள் பெருமையாகச் சொல்கிற அந்த ஊர்ப் பெயர்ச் சீட்டு இருக்கிறதே, அதுவே பிடிப்பவனுக்கு முகவரி. "தைவான் ரீஃப் ஒயில்ட்" என்று எழுதினால் விலை ஏறும் என்றால், படகு எங்கே போகும்? சங்கம் வளர்ந்த அளவுக்கு அந்த ஏரியில் அவற்றின் எண்ணிக்கை குறைந்தது என்றும் எழுதலாம்.

சோடா உப்பு:

சவுலோசி விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க யாருக்கும் வாய் இல்லை. கோனிங்ஸே அதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கணக்கை முழுசாக எழுதுங்கள். பெரும்பாலான ம்புனாக்களுக்கு அலங்கார மீன் வியாபாரம் பெரிய ஆபத்து இல்லை, சாப்பாட்டுக்காக வலை வீசுவதுதான் ஆபத்து. மலாவி ஏரியில் 1980லிருந்து தேசியப் பூங்கா இருக்கிறது, 1984ல் யுனெஸ்கோ பட்டியலிலும் வந்துவிட்டது. இருந்தும் ராத்திரியில் வந்து பாறையோரம் வலை இழுக்கிறார்கள். பசி, என்ன செய்வது, நாம் இங்கிருந்து திட்டுவது சுலபம். பெரிய மீன் தீர்ந்த பிறகு சின்ன மீனுக்கு வலையின் கண்ணும் சின்னதாகிறது.

ஸ்டூவர்ட் கிராண்ட் 2007ல் இறந்த பிறகு அவர் பெயரில் ஒரு பாதுகாப்பு நிதி. அதில் வந்த பணத்தில்தான் பூங்காவின் தீவுகளைச் சுற்றி வலையைச் சிக்க வைக்கும் தடைகளை நீரடியில் இறக்கினார்கள். ஒருமுறை வலை மாட்டிக் கிழிந்தால் அடுத்த முறை அந்தப் பக்கம் வர யோசிப்பார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு சிக்லிட் வளர்ப்பவர்களின் ஏலத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும்தான். சவுலோசியைக்கூட கிராண்டின் பண்ணையில் வளர்த்துத் தைவான் ரீஃபில் திருப்பி விட்டிருக்கிறார்கள்.

ஏரிக்கரை:

திருப்பி விட வேண்டிய நிலைக்குக் கொண்டு வந்தது யார் என்பதுதான் என் கேள்வி. பணம் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை.

கல்லிடுக்கு:

ஏரிக்கரை கேட்பது சரியான கேள்வி. என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். சங்கம் வலுவாக இருந்தால் ஒயில்ட் மீனுக்கான தேவை குறையுமே தவிர ஏறாது. எலெக்ட்ரிக் எல்லோவையே பாருங்கள். 1980களில் பிடித்த ஒரு சில மஞ்சள் மீன்களைப் பிரிஷாரின் புருண்டிப் பண்ணையில் பெருக்கினார்கள், உலகம் முழுக்க இன்று கோடிக்கணக்கில் இருப்பது பெரும்பாலும் அந்த வம்சம்தான். அதற்காக யாரும் இன்று லயன்ஸ் கோவுக்குப் படகு விடுவதில்லை. சவுலோசிக்கும் சீட்டோடு கூடிய நல்ல எஃப்2, எஃப்3 எங்கும் கிடைக்கிறபோது ஒயில்ட் வாங்குவது வெறும் வீம்பு. எங்கள் சங்கத்தில் இப்போது "ஒயில்ட்" என்று பையில் எழுதினால் விலை ஏறுவதற்கு முன்னால் கேள்வி ஏறுகிறது. எல்லாச் சங்கத்திலும் இப்படியா என்றால், இல்லை.

இன்னொரு பக்கம் விக்டோரியா ஏரி. அங்கே நடந்தது அலங்கார மீன்காரர்களால் இல்லை. 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனைச் சாப்பாட்டுக்கும் வியாபாரத்துக்கும் என்று கொண்டு வந்து விட்டார்கள். 1980களில் அது வெடித்துப் பெருகியது. அதே காலத்தில் ஏரியின் தண்ணீரும் கெட்டது. ஐந்நூறு இனம் போல இருந்த ஏரியில் நூற்றுக்கணக்கானவை காணாமல் போயின. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகக் குழு 1977லிருந்து அங்கே வேலை செய்துகொண்டிருந்ததால், அழிவுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று பதிவாவது இருக்கிறது. மியூசியம் புட்டியில் கிடக்கிற இனங்களுக்கு அடுத்தபடியாக, தொட்டியில் மட்டும் உயிரோடு இருக்கிற இனங்களும் உண்டு. மிருகக்காட்சிசாலைகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டன, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இடம் ஏது? மீதி தனி ஆட்களின் நிலவறைத் தொட்டிகளில்.

இதை ஒழுங்குபடுத்தத்தான் கிளாடியா டிக்கின்சன் என்பவர் கேர்ஸ் என்ற திட்டத்தை ஆரம்பித்தார். ஆபத்தில் இருக்கிற இனங்களின் பட்டியல் ஒன்று, எந்தச் சங்கத்தில் யார் எதை வளர்க்கிறார் என்ற பதிவு இன்னொன்று. ஒருவர் வீட்டில் கரண்ட் போய் எல்லாம் செத்தால் இன்னொருவர் வீட்டில் இருக்கும். சிக்லிட்டில் தொடங்கி இப்போது கில்லி மீன், கப்பி வகையறா என்று மற்ற குடும்பங்களும் சேர்ந்துவிட்டன. அமெரிக்கன் சிக்லிட் அசோசியேஷனுக்குள்ளேயே லுவசெல் பெயரில் பாதுகாப்பு நிதி ஒன்றும், கை ஜோர்டான் பெயரில் ஆய்வு மாணவர்களுக்கான நிதி ஒன்றும் இருக்கின்றன. 1967ல் இதையெல்லாம் யாராவது நினைத்திருப்பார்களா?

புதுத்தொட்டி:

தொட்டியில் மட்டும் உயிரோடு இருக்கும் மீனா? அப்படி ஒன்றைத் திரும்ப ஏரியில் விட முடியுமா?

சோடா உப்பு:

விக்டோரியாவில் நைல் பெர்ச் இன்னும் இருக்கிறது தம்பி, விட்டால் அதற்கு விருந்துதான்.

ஆனால் மடகாஸ்கர் கதை ஒன்று இருக்கிறது. மங்கராஹாரா ஆற்றில் மட்டும் இருந்த ஒரு சிக்லிட், டைகோக்ரோமிஸ் இன்சாலிடஸ். ஆறு வறண்டுவிட்டது. 2013ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்ததெல்லாம் ஆண் மீன். பெட்டை யாரிடமாவது இருக்கிறதா என்று உலகம் முழுக்க வளர்ப்பவர்களிடம் பகிரங்கமாகக் கேட்டார்கள். யார் தொட்டியிலும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்து மடகாஸ்கரிலிருந்தே ஒருவர் உதவிக்கு வந்தார், தேடிப் போனதில் ஆற்றோடு தொடர்பு அறுந்துபோன ஒரு கிளையோடையில் மிஞ்சியிருந்த ஒரு சிறு கூட்டம் கிடைத்தது. 18 மீனைப் பிடித்து அங்கேயே ஒரு பண்ணையில் வைத்தார்கள். லண்டன்காரர்களே வளர்ப்பவர்களைத் தேடி வந்து கேட்டார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

கொளத்தூர் வாசி:

ஒரு சின்னக் கிளைக் கேள்வி. ஆப்பிரிக்க சிக்லிட் என்றால் நம் ஜிலேபிக் கெண்டையும் அதில் வருமா வராதா? :D

கல்லிடுக்கு:

தாராளமாக வரும். ஊர் மொசாம்பிக், 1952ல் மண்டபத்துக்கு வந்து இறங்கியது, அப்புறம் நம் ஏரி குளம் எதையும் விடவில்லை. அதுவும் வாயில் குஞ்சு வைத்து வளர்க்கிற கூட்டம்தான். சங்கமே இல்லாமல் இவ்வளவு வளர்ந்த ஒரே ஆப்பிரிக்க சிக்லிட் அதுதான். இதனால்தான் வேண்டாத மீனை ஏரியில் விடாதே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்கள்.

ஏரிக்கரை:

சிரிப்பு இருக்கட்டும், ஒன்று கேட்கிறேன். ஃபேஸ்புக் வந்த பிறகு இந்தச் சங்கங்களுக்கு என்ன ஆயிற்று? இதழுக்காகவும் விற்பனைப் பட்டியலுக்காகவும் சேர்ந்தார்கள் என்று முதல் பதிவில் சொன்னீர்கள். இரண்டுமே இப்போது ஓசியில் கிடைக்கிறது.

கல்லிடுக்கு:

அடி அங்கேதான் விழுந்தது. 1990களின் கடைசியிலேயே சிக்லிட் தகவல் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. பண்ட்பார்ஷ புல்லட்டின் வர மாதக்கணக்கில் காத்திருந்த ஆள், கேள்வி கேட்ட பத்து நிமிஷத்தில் பதினைந்து பதில் வாங்க ஆரம்பித்தார். அதில் பன்னிரண்டு தப்பாக இருக்கும், அது வேறு விஷயம். எங்கள் மாதக் கூட்டத்தில் தலையைப் பார்த்தால் நரைதான் அதிகம். இளைஞர்கள் ஏலத்துக்கு வருகிறார்கள், கூட்டத்துக்கு வருவதில்லை. பொறுப்புக்கு ஆள் தேடுவது பெரிய பாடு, செயலாளர் பதவி என்றதும் எல்லாரும் செல்ஃபோனைப் பார்க்கிறார்கள்.

ஆனால் நான் பார்த்த அளவில் ஏலக் கூட்டம் குறையவில்லை. ஏனென்றால் ஃபேஸ்புக்கில் ஃபோட்டோவைப் பார்த்து வாங்கினால் வருவது ஹார்மோன் ஏற்றி நிறம் வர வைத்த பீகாக்காக இருக்கலாம், ஓபி பீகாக் என்று யாரோ கலந்து உருவாக்கியதை ஏரி மீன் என்று தலையில் கட்டியிருக்கலாம். கேட்டால் பிளாக் செய்துவிட்டுப் போவார். சங்க ஏலத்தில் விற்றவர் அடுத்த மாதமும் அதே நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். தகவலை இணையம் எடுத்துக்கொண்டது, அந்த நாற்காலியை எடுக்க முடியவில்லை. வாட்ஸ்அப் குரூப் சண்டையில் முடிவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் யாருக்கு என்ன பயம்?

கொளத்தூர் வாசி:

அண்ணா, ஃபீஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கல்லிடுக்கு:

வருகிறேன். கலப்பு மீனை விற்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை, கலப்பு என்று எழுதி விற்கிறார்கள் இங்கேயும், வாங்க ஆள் இருக்கிறது, நிறம் நன்றாக இருந்தால் போதும் என்பவர்கள்தான் எங்கும் அதிகம். உங்கள் முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு இனம் எடுங்கள். ஊர்ப் பெயரோடு ஒரு கூட்டம் கிடைத்தால் தனித் தொட்டியில் வையுங்கள், வேறெதையும் அதில் போடாதீர்கள், குஞ்சு விற்கும்போது அந்தப் பெயரை மாற்றாமல் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு தொட்டிக்கு உங்கள் விலையே தனியாக இருக்கும். கிடைத்த மீனுக்கு இடம் தெரியாது என்றால் "இடம் தெரியாது" என்றே எழுதுங்கள், அதுவும் சீட்டுதான்.

சோடா உப்பு:

பக்கத்தில் இன்னும் நாலு பேர் இதே மாதிரி ஆளுக்கொரு இனம் எடுத்தால் போதும். தலைவர், பொருளாளர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நோட்டு ஒன்று போடுங்கள், யாரிடம் எது இருக்கிறது, எப்போது யாரிடமிருந்து வாங்கியது என்று.

கொளத்தூர் வாசி:

நோட்டு போட நான் தயார், ஃபோட்டோவுக்கு நிற்க மாட்டேன். எனக்கு சவுலோசி. ஒயில்ட் வேண்டாம், ஏரிக்கரை அடிக்க வருவார். எஃப்2 யாரிடமாவது சீட்டோடு இருந்தால் தனி மடல் போடவும்.

ஏரிக்கரை:

அடிக்க மாட்டேன். பெங்களூரில் ஒருவரிடம் கூட்டமாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். பதில் "கோடவுன்" என்றால் வேண்டாம்.

புதுத்தொட்டி:

என் பத்தில் ஒன்று வாயை மூடிக்கொண்டு இரை எடுக்காமல் மூலையில் நிற்கிறது. நோய் இல்லையே?

கல்லிடுக்கு:

தாடை உப்பியிருக்கிறதா பார். ஃபோட்டோவை உதவிப் பகுதியில் போடு, அங்கே வந்து சொல்கிறேன். வலையை மட்டும் இப்போதைக்கு எடுக்காதே, பயந்தால் முட்டையைத் துப்பிவிடும்.